அழைப்பார் இல்லாத தீவு

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிற் கடலுள் எழுந்து நிற்கும் புறாமலை, தேசியப் பூங்கா என்னும் பெரும்பெயரைத் தாங்குவதற்கு மிகச் சிறியதோர் இடமாகும். பூங்காவின் எல்லைக்குள் 471 ஹெக்ரேயர் பரப்பு அடங்குவதாயினும் அதிற் பெரும்பகுதி கடலே. காலூன்றி நடக்கத்தக்க பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. தோட்டத்துக் கணக்கிற் கூறுவதாயின், கொழுந்து பறிக்கும் ஒரு மலையின் ஒரு மூலைக்கே அது காணும். அதனை அடுத்துள்ள சிறிய தீவு வெறும் பாறைத்தொகுதி. தீவினைச் சூழப் பவளப் பாறைகள் உள்ளன. கற்களின் இடுக்குகளிற் காட்டு மாடப்புறாக்கள் கூடு கட்டுகின்றன. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்குரிய இடமாகப் பயன்பட்ட இத்தீவு 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. சுடுவதற்குரிய இடம் காப்பதற்குரிய இடமாக மாறியதை வரவேற்காதார் இலர். ஆயின் காக்கப்படும் இடம் என்பது நடைமுறையிற் சென்று காணப்படும் இடம் என்றே பொருள்படுகின்றது. ஓர் இடம் அழகியது என்பதனால் மட்டும் அங்குச் செல்லும் உரிமை நமக்கு உண்டாகிவிடுகின்றதா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா.

புறாமலைக்கு இயந்திரப் படகிற் செல்வோரே மிகப் பலர். சிலர் மாத்திரம் கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகிற் செல்ல விரும்புகின்றனர். அவர்தம் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. கயாக்கிற்கு இயந்திரம் இல்லை, எண்ணெய் கசிவதில்லை, பவளத்தின்மேல் நங்கூரம் வீழ்வதில்லை, அலையெழுப்பிக் கரையை அரிப்பதும் இல்லை. தன் உடலுழைப்பாற் கடலைக் கடந்து, ஓசையின்றிச் சென்று, கண்டு, ஓசையின்றி மீள்பவன் அத்தீவிற்கு யாது தீங்கு செய்தான்? இவ்வினாவைக் கேட்பவன் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. தன் மனச்சாட்சிக்குத் தானே வழங்கிக்கொள்ளும் விடுதலைப் பத்திரமாகவே அதனைக் கேட்கிறான். அப்பத்திரம் செல்லுபடியாகுமா என்பதை ஆராய்வது பயனுடைத்து.

பூண்டுலோயாவைச் சேர்ந்த ஒருவர் கீழைக் கரையின் சிறு தீவொன்றைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு வியப்பளிக்கலாம். எங்கள் ஊருக்குப் பெயர் தந்த ஆறு கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைந்து, மகாவலியுடன் கலந்து, பேராதனை வளாகத்தின் ஓரமாக ஓடி, ஈற்றிற் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலுடன் சங்கமமாகின்றது. புறாமலை அதற்கு வடக்கே உள்ளது. எங்கள் மலைகளிலிருந்து கழுவுண்டு போகும் மண் அதன் பவளத்தை மூடுகிறதென நான் கூறவரவில்லை. ஆறு சென்ற திசையில் எண்ணமும் செல்லுதல் இயல்பு என்பதற்கு மேல் இத்தொடர்பிற்குப் பொருள் கற்பிக்க வேண்டியதில்லை. உண்மையான காரணம் வேறு. மலையகத் தோட்டங்கள், பிறர் வந்து காணும் காட்சியாகவும் பிறர் உள்நுழைய முடியாத அடைப்பாகவும் ஒருங்கே இருந்துவந்தவை. காணப்படுதல் என்றால் யாது, அடைக்கப்படுதல் என்றால் யாது என்னும் இரண்டையும் அனுபவத்தால் அறிந்த சமூகத்தவர்க்கு, ஒரு பூங்காவின் வாயிலில் நின்று சிந்திப்பதற்குச் சில தனிக் காரணங்கள் உண்டு.

முதலிற் படகைக் கவனிப்போம். கயாக், ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களும் அவர்க்கு உறவான குழுவினரும் ஆக்கிய படகாகும். கடலில் மிதந்துவந்த மரத்தினாலோ திமிங்கில எலும்பினாலோ சட்டகம் அமைத்து, அதன்மேற் கடல்நாயின் தோலைப் போர்த்தித் தைத்தனர். அப்பெயருக்கு வேட்டைக்காரனின் படகு எனப் பொருள் கூறுவர். நீர்மட்டத்தோடு தாழ்ந்து, ஓசையின்றி, கடல்நாயின் மிக அருகே சென்று ஈட்டி எறிவதற்கென்றே அதன் வடிவம் பல நூற்றாண்டுகளாகச் செம்மைப்படுத்தப்பட்டது. இன்று நாம் அதன் மாசின்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டும் ஓசையின்மை, தொடக்கத்திற் கொலைத்தொழிலின் நுட்பம். இதனை இனுயிட் மக்கள்மேற் குறையாகக் கூறுவது அறியாமையாகும். பயிர் விளையாத பனிநிலத்தில் அவர்கள் உயிர்வாழ்ந்தது அப்படகினாலேயே. கருவியின் வரலாறு கருவியோடு முடிந்துவிட்டதெனவும் சிலர் கூறலாம். அவ்வாறு முடிந்துவிடவில்லை. கரையில் ஓய்ந்திருக்கும் கடல்நாய்களை அவதானித்த உயிரியலாளர், தொலைவிலிருந்தே ஒலி கேட்கும் இயந்திரப் படகைக் காட்டிலும் திடீரென அருகில் தோன்றும் கயாக் அவற்றை அதிகம் வெருட்டக்கூடும் எனக் கண்டுள்ளனர். ஓசையின்றி அணுகுவது எதுவோ அதுவே பகை என்பது வேட்டையாடப்படும் உயிரின் நீண்டகாலப் பாடம். பாறையிடுக்கில் முட்டைமேல் அமர்ந்திருக்கும் புறாவுக்கும் அப்பாடம் புதிதாயிராது.

இவ்விடத்தில் அகநானூற்றின் நான்காம் பாட்டு நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. தலைவியை நாடிக் கார்காலக் காட்டின் ஊடாகத் தேரிற் திரும்பும் தலைவன், பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் வெருவாதிருக்கும் பொருட்டு, தேர்மணிகளின் நாவினை ஒலியாதவாறு கட்டிவிடுகிறான். குறுங்குடி மருதனாரின் இச்சித்திரம் தமிழாசிரியர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுச் சற்றே தேய்ந்துபோனது. ஆயினும் கயாக்கின் பக்கத்தில் வைத்து நோக்கும்போது அது புதிய கூர்மை பெறுகின்றது. வேட்டுவனும் ஓசையை அடக்கினான். தலைவனும் ஓசையை அடக்கினான். முன்னவனின் மௌனம் தன் இலக்கின்மேற் கொண்ட கவனம். பின்னவனின் மௌனம் தன் இலக்கு அல்லாத ஓர் உயிரின்மேற் கொண்ட கவனம். வண்டு அவனுக்கு வழியிற் குறுக்கிட்ட அயல். அதனைக் காணவும் அவன் வரவில்லை, பிடிக்கவும் வரவில்லை. நாமோ புறாவைக் காண்பதற்கென்றே செல்கிறோம். நம் மௌனம் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது? கயாக்கிற் செல்பவர் தம்மைத் தலைவனாக எண்ணிக்கொள்வர். அருகே செல்ல வேண்டும், இன்னும் அருகே செல்ல வேண்டும் என்னும் அவரது விருப்பமோ வேட்டுவனுடையது. ஈட்டிக்குப் பதிலாகப் படக்கருவி இருப்பது பெரிய வேறுபாடே எனினும் அது முழு வேறுபாடு அன்று.

தீவிற்குச் சிறுபடகிற் செல்பவனின் குற்றமின்மையை எழுத்திற் பதித்தோருள் ரூசோவை முதன்மையானவர் எனலாம். 1765ஆம் ஆண்டு, கல்லெறிந்து துரத்தப்பட்ட நிலையில், அவர் சுவிற்சர்லாந்தின் பியேன் ஏரியிலுள்ள புனித பீற்றர் தீவிற் சில வாரங்கள் தங்கினார். தனியே ஒரு படகில் ஏரியின் நடுவரை துடுப்பு வலித்துச் சென்று, பின்பு படகினுள் மல்லாந்து படுத்து, நீர் கொண்டுசென்ற வழியே மிதந்ததைத் தம் வாழ்வின் மிக இனிய காலமாக அவர் பின்னாளில் விவரித்தார். அவர் இறந்தபின் 1782இல் வெளியான ‘தனித்துலாவுவோன் சிந்தனைகள்’ என்னும் நூலின் ஐந்தாம் உலா இதனைக் கூறுகின்றது. உடைமையையும் அதிகாரத்தையும் துறந்த மனிதன் இயற்கையோடு தீங்கின்றி ஒன்றுதல் என்பதற்கு ஐரோப்பிய இலக்கியம் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட உதாரணம் அது. ஆனால் அதே உலாவில் இன்னொரு செய்தியும் உண்டு. விரித்துரைப்போர் அதனை நகைச்சுவையாகக் கடந்துவிடுவர். அருகே மனிதர் வாழாத சிறிய தீவு ஒன்று இருந்தது. அங்கு முயல்களைக் கொண்டுசென்று விட்டால் அவை அச்சமின்றிப் பெருகும் என ரூசோ கருதினார். முயல்கள் வருவிக்கப்பட்டன, தீவின் நிர்வாகியினுடைய குடும்பத்தாரைப் படகேற்றி, ஒரு விழாவைப் போல அவற்றைக் கொண்டுசென்று குடியேற்றினர். தாமே அத்திட்டத்தின் கர்த்தா என்பதில் ரூசோவுக்குப் பெருமை இருந்தது.

அம்முயல்களின் கதி எவ்வாறாயினும் ஆகுக. பிறிதொரு தீவில் முயல்கள் செய்தது நன்கு பதிவாகியுள்ளது. ஹவாய்த் தொடரைச் சேர்ந்த, ஏறத்தாழ நான்கு சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள லேசான் தீவில் 1903இல் முயல்கள் விடப்பட்டன. 1909இல் அது பறவைகளுக்குரிய காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தலை முயல்கள் வாசிக்கவில்லை. 1923இல் ஆய்வுக்குழு வந்து எஞ்சிய முயல்களை ஒழித்தபோது தீவு ஏறக்குறைய மணற்பாலையாக இருந்தது. அத்தீவிற்கே உரிய சிறு பறவைகள் சில அழிந்துபட்டன. ரூசோ கொடியவர் அல்லர். தமக்கு இனிய இடம் ஏனைய உயிர்க்கும் இனியதாகுக என்றே எண்ணினார். ஓரிடத்தை மிக விரும்பியவன் அவ்விடத்தின் சார்பிற் பேசும் உரிமையும் தனக்கு வந்துவிட்டதாகக் கருதினான் என்பதே அங்கு நிகழ்ந்தது.

இனி எண்ணிக்கை பற்றிய வாதத்தை நோக்கலாம். ‘நான் ஒருவன் சென்றதால் யாது நேரும்?’ என்பது பெரிய இடங்களைப் பொறுத்தவரை ஓரளவு நியாயமான கேள்வி. ஹோட்டன் சமவெளியில் ஒருவர் ஓரடி விலகி நடந்தால் அச்சமவெளி அறியாது. சிறிய இடத்தின் இயல்பு வேறு. முழங்காலளவு நீரில் நீந்தக் களைத்தவர் காலூன்றி நிற்கிறார். ஊன்றிய இடத்திற் பவளம் முறிகிறது. திரண்ட பாறைப் பவளம் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளர்வது. ஒரு மாணவனின் பட்டப்படிப்புக் காலம் முழுவதிலும் அது வளர்ந்த அளவை ஒரு கணத்து அசதி இல்லாமற் செய்துவிடுகின்றது. 2009இற் போர் முடிந்தபின் புறாமலைக்கு வருவோர் தொகை விரைவாகப் பெருகியது. பவளத்தின்மேல் மனிதர் கால் படுதல் அங்குள்ள தொல்லைகளுள் ஒன்றாயிற்று. 1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைப் பவளங்கள் கடல்வெப்பத்தால் வெளிறி மடிந்தபோது பெரிதும் தப்பிப் பிழைத்த பாறை இது என்பதை நினைக்கும்போது, அத்தொல்லையின் கனம் கூடுகின்றது.

1968இல் ‘பொதுநிலத்தின் அவலம்’ என்னும் கட்டுரையை எழுதிய கரற் ஹார்டின், தேசியப் பூங்காக்களையும் தம் உதாரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். யொசெமிற்றிப் பள்ளத்தாக்கு ஒன்றுதான். வருவோரோ பெருகிக்கொண்டே இருப்பர். எல்லார்க்கும் எல்லையின்றித் திறந்துவிட்டால் எதனைத் தேடி வந்தனரோ அதுவே தேய்ந்துபோகும் என்பது அவர் வாதம். 1984இல் டெரிக் பார்பிற் இன்னும் நுண்ணியதோர் உதாரணத்தைப் படைத்தார். ஆயிரம் பேர் தத்தமக்குரிய ஒரு பொத்தானை அழுத்துகின்றனர். ஒவ்வொரு பொத்தானும் கட்டுண்ட ஆயிரம் பேரின் வேதனையை, அவர்களே உணரமாட்டாத அளவு சிறிதாகக் கூட்டுகின்றது. தான் அழுத்தியதால் யாருடைய நோவும் உணரத்தக்கவாறு கூடவில்லை என ஒவ்வொருவனும் மெய்யாகவே கூறலாம். ஆயினும் முடிவிற் கட்டுண்டோர் அனைவரும் கொடிய சித்திரவதைக்கு ஆளாகியுள்ளனர். தனியொருவனின் செயலை மட்டும் பிரித்தெடுத்து நிறுப்பது அறக்கணக்கில் ஒரு பிழை என்பது பார்பிற்றின் முடிவு. கயாக்கில் வந்தவனின் ‘நான் யாது தீங்கு செய்தேன்?’ என்னும் கேள்வி அப்பிழையின் மிக நாகரிகமான வடிவமாகும். இயந்திரப் படகில் வந்தவனாவது தானும் கூட்டத்தில் ஒருவன் என அறிவான். தனிமைதான் கயாக் தரும் இன்பம். அத்தனிமையே அவனைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக அவனுக்குத் தோற்றுகின்றது.

எனினும் எண்ணிக்கை வாதத்தோடு நின்றுவிடின் வினாவின் வேரை நாம் தொடவில்லை. நாளொன்றுக்குப் பத்துப்பேர் மாத்திரம் செல்லலாம் என விதித்து, அப்பதின்மரும் பவளத்திற் கால் வையாதிருப்பின் எல்லாம் சரியாகிவிடுமா? அப்பொழுதும் ஒன்று எஞ்சுகின்றது. வேறோர் இடத்திற்குச் செல்லுதல் என்பது நம் மரபில் விருந்து என்னும் கருத்தோடு பிணைந்தது. வள்ளுவர் விருந்தோம்பலைத் தனி அதிகாரமாக வகுத்தபோது ஓம்புவோனை நோக்கியே பேசினார். செல்வோனின் ஒழுக்கம் அங்கு பெரிதும் பேசப்படவில்லை. பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை, வீட்டுக்காரர் இருக்கிறார். வாசலில் நின்று ‘வாங்க’ என்பவரும் அவரே. முகம் சற்றே மாறுபட்டு, இன்று வேண்டாம் என உணர்த்துபவரும் அவரே. விருந்தினனுக்கு எல்லை வகுப்பது அம்முகம். புறாமலையில் அத்தகைய முகம் இல்லை. புறா அழைப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை, பறந்துபோகிறது. பவளம் அதுவும் செய்வதில்லை. அனுமதிச் சீட்டு வழங்கும் திணைக்களம் வீட்டுக்காரர் அன்று, காவலாளே. ஆகவே அழைப்பார் இல்லாத இடத்திற்கு விருந்தினனாகச் செல்பவன், வீட்டுக்காரரிடம் இருக்கவேண்டிய மறுக்கும் ஆற்றலையும் தன்னுள்ளேயே எடுத்துச்செல்லக் கடமைப்பட்டவன் ஆகின்றான். தானே தனக்கு ‘இதற்கு மேல் வேண்டாம்’ எனக் கூறிக்கொள்ள இயலாதவன், எத்துணை மென்மையான படகில் வந்தாலும், நுழைந்தவனே அன்றி விருந்தினன் அல்லன்.

இவ்வாதத்தை இவ்வளவில் விட்டுவிட எனக்கு அச்சமாக உள்ளது. அழைக்கப்படாதவன் வரலாகாது என்னும் சொற்கள் மலையகத் தமிழன் செவியில் நல்ல ஒலி எழுப்புவதில்லை. காட்டை வெட்டிக் கோப்பியும் பின்பு தேயிலையும் நட்ட மக்களின் வழித்தோன்றல்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அந்நியராக்கப்பட்டபோது அச்சட்டத்தின் அடியில் ஓடியது அவ்வாதமே. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டங்களுள் இறுதியாக வந்தவற்றுள் ஒன்று 2003இல் நிறைவேறியது. புறாமலை தேசியப் பூங்காவானதும் அவ்வாண்டிலேயே. அது தற்செயலே, ஆயினும் ஒரே ஆண்டில் இந்நாடு சில மனிதருக்கு இது உன் இடம் எனவும் சில புறாக்களுக்கு இது உன் இடம் எனவும் கூறியதை நான் மறப்பதில்லை. எனவே வேறுபாட்டைத் தெளிவாகக் கூறவேண்டும். அழைப்புப் பற்றிய வினா வந்துபோவோனுக்கு உரியது, வாழ்வோனுக்கு உரியதன்று. உழைத்து வேரூன்றிய இடத்தில் வாழ்பவனை நோக்கி ‘உன்னை அழைத்தவர் யார்?’ எனக் கேட்பது அறமன்று. ஒரு பிற்பகல் இன்பத்திற்காக வந்தவன் அக்கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதோ இன்றியமையாதது.

அடைத்தலும் எப்பொழுதும் நன்மைக்கே செய்யப்படுவதன்று. தோட்டம் துரைக்குச் சொந்தம். உள்ளே வருபவன் அத்துமீறுபவன் என்னும் விதி நெடுங்காலம் மலைநாட்டில் ஆட்சி செய்தது. தொழிற்சங்கத்தான் லயத்தின் வாசலுக்கு வரமுடியாது. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசையர், அதற்கு முன்னரே புடவை வியாபாரி வேடமிட்டுத் தோட்டங்களுட் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். அழைக்கப்படாமலும் ஓசையின்றியும் நுழைந்தவர் அவர். அந்நுழைவை யார் குறைகூறுவர்? அங்கு அடைப்பு, உள்ளிருந்தோரின் நலனுக்காக இடப்படவில்லை. வேலி யாருக்காக என்று கேளாமல் வேலியைப் போற்றுவதும் பழிப்பதும் வீண். புறாமலையின் வேலிக்கும் இக்கேள்வி உண்டு. படகுக் கூலியும் அனுமதிச் சீட்டும் வழிச்செலவும் சேர்ந்து ஒரு வேலி. 2021இற்றான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய குடும்பம் நிலாவெளிக்கு வந்து தீவுக்கும் சென்று மீளவேண்டுமாயின் எத்தனை நாட் கொழுந்து பறிக்க வேண்டும் என்பதை வாசகர் கணித்துக் கொள்ளலாம். தொகையைக் கட்டுப்படுத்தக் கட்டணத்தை உயர்த்துவோம் என்பார் கூறும் வழி, தீவைப் புறாக்களுக்குக் காப்பதாகக் கூறிக்கொண்டு பணமுடையோருக்குக் காப்பதாக முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழுவொன்றுடன் நிலாவெளிக்குச் சென்றிருந்தேன். கயாக்குகளிற் தீவை அடைந்தபோது ஏனையோர் மணலில் இறங்கினர். பூண்டுலோயாவிற்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த மாணவி ஒருத்தி மாத்திரம் இறங்காது, கரையிலிருந்து சற்று விலகியே தீவைச் சுற்றி வந்தாள். அச்சமோ எனக் கேட்டபோது அவள் கூறிய விடை இது: “இல்ல சேர். எங்க லயத்துக்கு மேல ரோட்டுல வேன நிப்பாட்டிப் படம் எடுப்பாங்க. ரோட்டுல நின்னு பார்த்துட்டுப் போனா எங்க ஆயி ஒண்ணும் சொல்லாது. எறங்கி இஸ்தோப்பு வரைக்கும் வந்துட்டாத்தான் ஏசும்.”

விடையில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு போதாமையும் உண்டு. காண்பதற்கும் நுழைவதற்கும் இடையே ஒரு கோடு உள்ளது என்பதும், அதனை வகுப்பவர் காணப்படுபவரே என்பதும் நுட்பம். அவளுடைய தாய்க்குத் தன் இஸ்தோப்பின் எல்லை தெரியும், ஏசவும் தெரியும். ஆயின் வீதியில் நின்றே பார்த்துச் செல்பவருக்குப் பசுமையான மலையும் வண்ணச் சேலையும் தெரியுமேயன்றிக் கூரைத் தகரத்தின் ஓட்டை தெரியாது. மலையகத்தைப் பற்றிய அழகிய படங்கள் பலவற்றின் குறை, அவை மிகத் தொலைவிலிருந்து எடுக்கப்பட்டமையே. மனிதரைப் பொறுத்தவரை அணுகாமை ஒரு புறக்கணிப்பாகவும் ஆகக்கூடும். அவர்களால் அழைக்க முடியும், அழைப்பை ஏற்று உள்ளே சென்று பார்க்கவேண்டிய நேரங்களும் உண்டு. தீவிற்கு அது பொருந்தாது. அங்கு தூரமே நாம் காட்டக்கூடிய மரியாதை. ஒரே ஒழுக்கத்தை இரண்டிடத்தும் கடைப்பிடிப்பவன் ஓரிடத்திற் தவறுவான்.

இவ்வாறு தூரத்தையே விதியாக்கிய இடமும் உலகில் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பெலிக்கன் தீவு அன்று ஐந்தரை ஏக்கர் அளவே உடையது. தொப்பிகளுக்கு இறகு வேண்டிப் பறவைகள் கொன்று குவிக்கப்பட்ட காலத்தில், 1903 மார்ச் 14ஆம் நாள், சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் அதனைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தார். அந்நாட்டின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களுள் முதலாவது அது. போல் குறோகெல் என்னும் படகு கட்டுவோர் மாதம் ஒரு டொலர் ஊதியத்தில் அதன் காவலரானார். இன்றும் அத்தீவைச் சூழவுள்ள நீரிற் கயாக்கிற் செல்லலாம். தீவில் எவரும் இறங்கலாகாது. எட்ட நின்று காண்பதோடு அமையவேண்டும். இயந்திரப் படகுகளின் அலையும் வேறு காரணங்களும் சேர்ந்து அத்தீவைப் பாதிக்கும் குறைவாக அரித்துவிட்டன என்பதையும், பின்பு சிப்பியோடும் மண்ணும் இட்டுக் கரையை மீட்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். கயாக்கின் சார்பில் நேர்மையாகக் கூறத்தக்க வாதம் இங்குதான் உள்ளது. அது தரும் அருகாமையை அன்று, அது அனுமதிக்கும் விலகலைப் பாராட்டலாம்.

இத்தகைய விலகல் மக்களின் இயல்புக்கு ஒவ்வாதது, சட்டமும் தண்டமும் இன்றி நடவாதது எனக் கூறுவோர்க்குத் தோட்டத்துப் பீலிக்கரையைக் காட்டலாம். மலையிலிருந்து குழாய்வழி இறங்கும் ஊற்றுநீர் ஒரு பீலியில் வீழ்கின்றது. ஒரு லயத்தின் அத்தனை குடும்பத்திற்கும் அதுவே நீர். பெரட்டுக்கு முந்திய விடியற்பொழுதில் வரிசையிற் குடங்கள் இருக்கும். குடத்திற்குரியவர் அருகில் இல்லாவிடினும் அவர் முறை போகாது. குடம் நிறைந்தவர் அங்கேயே நின்று துணி துவைக்கத் தொடங்கமாட்டார். இவ்விதிகளை எந்தத் துரையும் எழுதிக் கொடுக்கவில்லை. சண்டைகள் இல்லாமலும் இல்லை. பீலிக்கரைச் சண்டை என்றால் எங்களூரில் ஒரு தனிவகை. ஆயினும் நீர் பங்காகின்றது. பொதுவளம் அழிந்தே தீரும் என்ற ஹார்டினுக்கு மறுப்பாக, உலகின் பல பகுதிகளில் மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுநீரையும் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் காத்துவந்ததை எலினோர் ஒஸ்றம் 1990இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பீலிக்கரையில் நிற்பவர் தன் குடத்தின் கொள்ளளவை மட்டும் எண்ணுவதில்லை. பின்னால் உள்ள குடங்களையும் எண்ணுகிறார். புறாமலையின் வரிசையில் முதற் குடம் புறாவுடையது என்பதை ஏற்பதில் மட்டுமே நமக்குத் தயக்கம்.

வரிசையில் அடுத்த இடம் யாருக்கு? பூண்டுலோயாவிலிருந்தோ பேராதனையிலிருந்தோ வந்த எனக்கு அன்று என்றே எண்ணுகிறேன். நிலாவெளி மக்கள் போரையும் 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும் அக்கரையிலேயே எதிர்கொண்டவர்கள். பூங்காவின் எல்லைக்குள் வலை வீசுதல் தடுக்கப்பட்டபின், வருவோரைத் தீவிற்கு ஏற்றியிறக்கும் படகுத் தொழிலைப் பலர் நம்பி வாழ்கின்றனர். இறங்காதிருத்தல் நற்பண்பு என மாதச் சம்பளம் பெறும் ஒருவர் எழுதுவது எளிது. அந்நற்பண்பின் செலவு அவர்மேல் விழுவதில்லை. தீவைச் சுற்றிக் காட்டி மீள்வதற்கும் இறக்கி ஏற்றுவதற்கும் ஒரே கூலி என்னும் ஏற்பாடு இருக்குமாயின் இரு தரத்தாருக்கும் நன்றல்லவா எனக் கரையில் ஒரு படகோட்டியிடம் அன்று மாலை கேட்டுப் பார்த்தேன். அவர் படகின் நீரை இறைத்துக்கொண்டே, “இறங்காமத் திரும்பி வாறதுக்கு ஆர் ஐயா காசு தருவாங்க?” என்றார். நானும் என்னுடன் வந்த மாணவர் சிலரும் தருவோம் எனக் கூறினோம். எத்தனை பேர் எனக் கேட்டு, எங்கள் தலைகளை எண்ணிவிட்டு, நாளைக்குக் காலையிற் காற்று எழுமுன் ஆறு மணிக்கு வரச் சொன்னார்.